கல்லறை வாசகமும் கடைசித் தீர்ப்பும்

பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாவு. இறந்தவர் நெல்லைச் சீமைக்காரர். சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தர்மபுரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மகனோ வாடகை ஹாலில் கூடும் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறவர். வெளி மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரே வீட்டுக்குள் மூன்று சபை இருப்பது நமக்குப் புதிதல்ல. ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நல்லபடியாகவே நடந்தது. கல் வைக்கும் நேரத்தில்தான் தகராறு.

மனைவிக்கு 'நித்திய இளைப்பாற்றி' என்ற சொல் வரவேண்டும். இறந்தவரின் அண்ணனுக்கு, ஊரில் தாத்தா பாட்டி கல்லில் உள்ளது போல 'ஜீவகிரீடம்' வரவேண்டும். மகன் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "அப்பா கடைசிப் பத்து வருஷம் கோயில் பக்கமே போகல. குடிச்சாரு. இரட்சிப்ப விட்டவருக்குக் கிரீடம்னு கல்லுல வெட்டுறது பொய்தானே பெரியப்பா?" என்றார். அந்த அம்மாள் அழுதுவிட்டார். அப்போது சகோதரர் சபையைச் சேர்ந்த மருமகப் பையன் ஒருவர், "அத்தை, மாமா சின்ன வயசுலயே கன்வென்ஷன்ல கைதூக்கி ஏத்துக்கிட்டவரு. பலன்தான் போகும், ஆத்துமா போகாது" என்று ஆறுதல் சொன்னார். மகன் அதையும் ஒப்பவில்லை.

தமிழ் வாத்தியார் என்ற ஒரே தகுதியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "வாசகம் இருக்கட்டும் சார். அவரு மோட்சத்துல இருக்காரா இல்லையா, அத யாராவது சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பதில் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் கேட்ட நான்கு குரல்களும் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதுவே இக்கட்டுரை.

செத்தவருக்குக் கல் நட்டு, அவருக்குக் கிடைத்த பேற்றைக் கல்லிலேயே காட்டுவது நம் மண்ணுக்குப் பழைய பழக்கம். பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற பேகூர், பெங்களூரு என்ற ஊர்ப்பெயர் வருகிற பழைய கன்னடக் கல்வெட்டால் புகழ் பெற்றது. கங்கர் காலத்தைச் சேர்ந்த அது ஏறத்தாழ கி.பி. 900ஐ ஒட்டியது, பெங்களூருப் போரில் மாண்ட ஒருவனைப் பற்றியது. இந்த வட்டாரத்திலும் அதற்குக் கிழக்கே கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலும் வீரக்கற்கள் ஏராளம். பல கற்களில் கீழ்த்தட்டில் போர், நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிச் செல்வது, மேலே அவன் தெய்வத்தின் அருகே அமர்ந்திருப்பது என்று செதுக்கியிருப்பார்கள். களத்தில் விழுந்தான், பேறு பெற்றான். அங்கே விசாரணை கிடையாது. விசாரணை என்றால் அது எமன் சபை. கணக்கெழுதச் சித்திரகுப்தர் இருக்கிறார், அவருக்குக் காஞ்சிபுரத்தில் கோயிலே உண்டு. ஆனால் அந்தக் கணக்கும் இறுதிக் கணக்கல்ல. பாக்கியை அடுத்த பிறவிக்குக் கொண்டு போகலாம்.

ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு, அதற்கு மேல் மறுவிசாரணை இல்லை என்ற செய்தி தமிழில் எழுந்தது 16ஆம் நூற்றாண்டில். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்க்காரர் சிலரை உட்காரவைத்து விசுவாச மந்திரத்தைத் தமிழாக்கிப் பரதவர் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினார். உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் தீர்ப்பிடக் கிறிஸ்து வருவார் என்பது அந்த மந்திரத்தின் ஓர் அடி. 1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக்கு அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று. அதுவும் இவ்வகை உபதேச நூலே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் விஷயத்தின் கடினம் புரிந்து வேலை செய்தவர் 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர். மறுபிறவி நம்பிக்கை இருக்கும்வரை தீர்ப்பு என்ற சொல்லுக்குக் கனம் வராது என்று அவர் கண்டுகொண்டார் போலும். 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று மறுபிறவியை மறுத்து ஒரு நூல், 'நித்திய சீவன சல்லாபம்' என்று நிலையான வாழ்வைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல். மோட்சம் என்ற சொல்லை நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டு, பிறவிச் சுழலிலிருந்து விடுபடுதல் என்ற அதன் பழைய பொருளை இறக்கி வைத்துவிட்டு, தீர்ப்புக்குப் பின் கிடைக்கும் வீடு என்ற பொருளை ஏற்றியது இந்தத் தலைமுறை. அந்த அம்மாள் என்னிடம் கேட்ட 'மோட்சம்' இதுதான்.

கத்தோலிக்கக் கணக்கில் தீர்ப்பு இரண்டு. இறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை. இறந்த ஆன்மாக்கள் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டுமா என்ற பழைய விவாதத்தை, இல்லை என்று 1336இல் திருத்தந்தை 12ஆம் ஆசீர்வாதப்பர் முடித்து வைத்தார். நரகத்துக்குப் போகிற அளவுக்குக் கெட்டவரும் அல்ல, நேரே மோட்சம் போகிற அளவுக்குத் தூயவரும் அல்ல என்ற நம்மைப் போன்ற பெரும்பாலோருக்கு உத்தரிக்கும் ஸ்தலம். அங்கிருப்பவருக்காக இங்கிருப்பவர் ஜெபிக்கலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று ஓசூர் சாலையில் பூக்கடையும் மெழுகுவர்த்திக் கடையும் நிறைந்துவிடுவது இதனால்தான். தனக்கு மோட்சம் நிச்சயம் என்று ஒருவர் தம்மைப் பற்றியே அறுதியிட்டுச் சொல்ல முடியாது, தனிப்பட்ட வெளிப்படுத்தல் கிடைத்தால் ஒழிய, என்று திரெந்து சங்கம் 1547 ஜனவரியில் தீர்மானித்தது. நிச்சயம் சொல்ல முடியாது என்பது குறை போலத் தெரியலாம். ஆனால் குடித்துச் செத்த கணவருக்காக இன்னும் ஏதோ செய்யலாம் என்று ஒரு மனைவிக்கு இடம் விட்டது அந்த ஏற்பாடுதான்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தரன். அவர் மரபில் உத்தரிக்கும் ஸ்தலம் இல்லை. விசுவாசத்தால் நீதிமானாவது உண்டு, அந்த விசுவாசியின் மன நிச்சயமும் உண்டு. ஆனால் விழவே மாட்டான் என்ற உத்தரவாதம் இல்லை. நீதிமானானவன் பிறகு ஆவியை இழக்க முடியாது என்போரை 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கை கண்டித்தே இருக்கிறது. புராட்டஸ்டண்ட் என்றால் எல்லாரும் 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றும் இரட்சிக்கப்பட்டவரே' என்பவர்கள் என்று நம்மவர் சிலர் நினைப்பது சரியல்ல. அந்தப் பிடிவாதம் கால்வின் வழி. 1610இல் ஹாலந்தில் ஆர்மீனியசின் சீடர்கள் அதைக் கேள்வி கேட்டு மனு எழுத, 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் அவர்களை மறுத்து, தேவன் தெரிந்துகொண்டவரை இறுதிவரை காப்பார் என்று உறுதி செய்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி திரும்பவும் ஆர்மீனியசின் பக்கம் நின்றார். பரிசுத்தவானும் விழலாம், விழுந்தவன் அழியவும் கூடும் என்று 1751இல் தனியே ஒரு நூலே எழுதினார்.

இந்த ஐரோப்பியச் சண்டை அப்படியே பெங்களூருக்கு வந்திறங்கியது. 1809 வாக்கில் தண்டு உருவானபோது சென்னைப் பட்டாளத்தோடு தமிழ்ச் சிப்பாய்களும் சமையல்காரரும் வியாபாரிகளும் வந்தார்கள். அவர்களைத் தேடி 1820இல் லண்டன் மிஷன் வந்தது. கால்வின் சாயல் கொண்டது. அடுத்த ஆண்டே, 1821இல், எலைஜா ஹூலும் மோவாட்டும் வந்தனர், வெஸ்லியின் ஆட்கள். லண்டன் மிஷனில் ஊழியம் செய்த தமிழர் சாமுவேல் ஃப்ளேவல் பின்னர் பெல்லாரிக்குப் போய் 1847இல் அங்கேயே மறைந்தார். ஃப்ளேவல் என்றதும் 17ஆம் நூற்றாண்டின் பியூரிட்டன் போதகர் ஜான் ஃப்ளேவல் நினைவுக்கு வருவார். ஒரு தமிழ் உபதேசியார் அந்தப் பெயரோடு தண்டுத் தெருக்களில் நடந்திருக்கிறார் என்பதே ஒரு சரித்திரம்தானே! வெஸ்லியின் கூட்டத்திலோ 'பின்மாற்றம்' என்ற சொல்லுக்குத்தான் பலம். சிப்பாய் சாராயக் கடைக்குப் போனால் ஒரு போதகர், "இவன் முதலிலேயே மெய்யாக மனந்திரும்பவில்லை" என்பார். மற்றவர், "திரும்பினான், பின்மாறிப் போனான்" என்பார். குடும்பத்துக்கு இரண்டுமே வலிதான்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் லண்டன் மிஷன் வழிவந்தோரும் ஒன்றானார்கள். பொதுவாகப் பிடித்துக்கொண்டது வேதாகமத்தையும் பழைய விசுவாசப் பிரமாணங்களையும். தீர்ப்பு உண்டு என்று பிரமாணம் சொல்கிறது, விசுவாசி விழுவானா மாட்டானா என்று அது சொல்லவில்லை. ஆக சி.எஸ்.ஐ. பீடத்திலிருந்து இரண்டு பிரசங்கமும் கேட்கலாம். என் அனுபவத்தில் ஐயர்மார் பலர் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

இனி மருமகப் பையன் சொன்ன பலன். இதற்கு மூலம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்கள். ஒருவன் கட்டியது பொன்னா வைக்கோலா என்று நெருப்பு சோதிக்கும். வைக்கோலானால் எரிந்துபோகும், அவனோ நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவனைப் போல இரட்சிக்கப்படுவான் என்பது அங்குள்ள கருத்து. இரண்டாம் நிருபத்தில் எல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்க வேண்டும் என்கிறார். 'பேமா' என்ற அந்தக் கிரேக்கச் சொல்லை விளையாட்டுப் போட்டியின் பரிசு மேடை என்று விளக்கும் பிரசங்கிகள் உண்டு. கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்துமியப் போட்டிகள் நடந்ததும், அங்கே பைன் தழையோ செலரிக் கீரையோ கிரீடமாகச் சூட்டப்பட்டதும், வாடுகிற அந்தக் கிரீடத்தைப் பவுல் எடுத்துக்காட்டியதும் உண்மை. ஆனால் கொரிந்து நகரில் தோண்டி எடுத்த பேமா ஒரு கல்மேடை. ரோம அதிகாரி அமர்ந்து வழக்குக் கேட்கிற இடம். பவுலையே கல்லியோன் முன் அங்கேதான் இழுத்து வந்தார்கள். ஆகவே பரிசு மட்டும் கொடுக்கிற மேடை என்பது பாதி உண்மை என்பேன். 'ஜீவகிரீடம்' வருகிற இடமும் கவனிக்கத்தக்கது. வெளிப்படுத்தல் நூலில் சிமிர்னா சபைக்கு, சிறைக்கும் சாவுக்கும் அஞ்சாமல் நிற்கச் சொல்லி வாக்களித்த கிரீடம் அது. இன்று படுக்கையில் முதுமையில் இறந்தவருக்கெல்லாம் அதையே வெட்டுகிறோம்.

விசுவாசிக்குப் பலன் தருகிற தீர்ப்பு தனி, அவிசுவாசிகளுக்கான வெள்ளைச் சிங்காசனம் தனி என்று பிரித்து வரிசைப்படுத்தியது 19ஆம் நூற்றாண்டு. அதில் ஜான் டார்பிக்கும் சகோதரர் சபைக்கும் பெரும் பங்கு. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து ஊழியம் செய்த நெல்லைத் தமிழர் ஜான் அருளப்பன் (1810-1867) கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர். 1860இல் அங்கே எழுந்த எழுப்புதல் நெல்லைச் சீமையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே அது ஒரு விபரீதத்திலும் முடிந்தது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, வித்வான்குட்டி என்று பெயர் பெற்ற பாடலாசிரியர், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போயிற்று. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை மட்டும் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. நாள் குறித்தது தவறு, பாட்டைத் தள்ளவில்லை.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை விட்டுவிட்டு இந்தச் சரித்திரம் முடியாது. வைணவ வேளாளக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்டது. மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதை. பனியன் கால்வின் வழியினர்; அவர் கதையில் யாத்திரிகன் வழி தவறுவான், தூங்குவான், சீட்டைத் தொலைப்பான், ஆனாலும் போய்ச் சேருவான். அதே கதையின் முடிவில் மோட்ச வாசல்வரை வந்துவிட்ட ஒருவனை நரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிச்சயத்தை நம்பியவரே பயத்தையும் விடவில்லை.

இதில் பாதியைத்தான் அன்று அந்தக் கூடத்தில் சொன்னேன். மகன் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "சார், அப்பாவுக்காக நான் ஜெபம் பண்ண மாட்டேன், எங்க சபையில அப்படி இல்ல. ஆனா அம்மா பண்றத வேண்டாம்னு சொல்லல" என்றார்.

கல் வெட்டுகிறவர் கன்னடக்காரர். தமிழ் எழுத்தைப் படம் போலப் பார்த்து வெட்டுவார், எழுத்துக் கணக்கில் கூலி. பெயர், பிறந்த ஊர், இரண்டு தேதிகள், அதன் கீழ் 'இளைப்பாறுகிறார்' என்ற ஒரே சொல் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா சற்று முனகினார். அம்மாள் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூலியை மகன்தான் கொடுத்தார்.