பட்டுப்புழுக் கலப்பினம்

இரண்டு தூய இனப் பட்டுப்பூச்சிகளை இணைத்துப் பெறும் முதல் தலைமுறையே பட்டுப்புழுக் கலப்பினம். தாய் தந்தை இனங்களைவிட இது பொதுவாக விரைந்து வளரும்; சாவு குறையும்; கூட்டில் பட்டு கூடும். இந்த இயல்புக்குக் கலப்பின வீரியம் என்று பெயர்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு அரை மில்லிகிராம் அளவே இருக்கும். நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவம் முடிவதற்குள் ஏறத்தாழ 10,000 மடங்கு எடை கூடிவிடும். இதற்கு மைசூர்த் தூய இனத்துக்கு நான்கு வாரம் வரை தேவை. நன்கு பராமரித்தால், ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இருசந்ததி இனங்களின் கலப்பினம் 23 முதல் 25 நாளில் கூடு கட்டத் தொடங்கும். மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் கூலியைக் குறைக்கிறது. நோய் புகும் வாய்ப்பையும் குறைக்கிறது.

ஜப்பானிய அறிஞர் தொயாமா கமேதாரோ, மெண்டலின் மரபு விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்துவதை 1906இல் வெளியிட்டார். சயாமில் பணியாற்றிய காலத்தில் அந்நாட்டு இனங்களை ஜப்பானிய இனங்களோடு கலந்து பார்த்தவர் அவர். விவசாயிகளுக்கு முதல் தலைமுறைக் கலப்பின முட்டைகளையே வழங்க வேண்டும் என்ற அவருடைய யோசனையை 1910களில் அரசு ஏற்றது. 1920களின் இறுதிக்குள் ஜப்பானியப் பண்ணைகளில் ஏறக்குறைய முழுவதும் கலப்பினமே நிறைந்தது.

வேகத்தை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டு குறைந்துபோகும். புழு தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. பட்டுச் சுரப்பி பருப்பதும் அப்போதுதான். மூன்றே முறை தோலுரிக்கும் இனங்கள் சீக்கிரம் முதிர்ந்தாலும் அவை கட்டும் கூடு சிறியது. ஆகவே வளர்ப்பு நாள், கூட்டின் எடை, பிழைக்கும் விழுக்காடு மூன்றையும் ஒருசேர எடைபோட வேண்டும். நாள் கணக்கில் மட்டும் முந்தும் இனம் நல்ல இனமாகாது.

இந்தியாவில் மைசூர்ப் பெண் பூச்சியோடு சி.எஸ்.ஆர்.2 என்ற இருசந்ததி இனத்தின் ஆண் பூச்சியைச் சேர்ப்பது பரவலான முறை. இதில் யார் தாய் என்பது முக்கியம். முட்டை உறங்குமா, உடனே பொரியுமா என்பதைத் தாயின் இனமே தீர்மானிக்கிறது. மைசூர்த் தாயின் முட்டை சுமார் பத்து நாளில் தானாகப் பொரியும். இருசந்ததித் தாயின் முட்டையை உடனே பொரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்தெடுக்க வேண்டும்.

கலப்பு பிசகாமலிருக்க, முட்டை உற்பத்தி நிலையங்களில் பூச்சி வெளிவருமுன்பே ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறார்கள். கூட்டை நறுக்கி, கூட்டுப்புழுவைப் புரட்டி, அடிவயிற்றின் கடைப்பகுதியைப் பார்ப்பார்கள். பெண்ணுக்கு அங்கே பெருக்கல் குறி போன்ற கோடு. ஆணுக்குச் சிறு புள்ளி. தேர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை இது. புழுப் பருவத்திலேயே பெண்ணின் முதுகில் மட்டும் குறி தோன்றும் இனங்களையும் ஜப்பானியர் உருவாக்கியுள்ளனர்.

கலப்பினப் பூச்சிகளையே மறுபடி இணைத்தால் பண்புகள் சிதறும். புழுக்கள் ஒரே சீராக வளரா. அதனால் விவசாயி ஒவ்வொரு வளர்ப்புக்கும் புதிய முட்டைத் தொகுதி வாங்குகிறார். பெற்றோர் இனங்களும் கலவாமல் தொடர வேண்டியிருக்கிறது. பல நாட்டுப் பட்டுப்புழு இனங்களை உயிரோடு பேணும் மத்திய பட்டு மரபுவள மையம் ஓசூரில் இயங்குகிறது.