மலையகமும் ஆங்கிலக் காற்புள்ளியும்

மலையக மக்களின் வரலாற்றை ஆராய்வோர் கொழுந்தையும் கூலியையும் லயன் வாழ்வையும் பற்றி விரிவாகப் பேசுவர். அம்மக்களின் வாழ்வை நிர்ணயித்த காகிதங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களின் நிர்வாகம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. தொழிலாளி தமிழ் பேசினான். அவனைப் பற்றிய வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அவ்வாக்கியத்தின் மிகச் சிறிய உறுப்பாகிய காற்புள்ளியை இவ்வரலாற்றோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தின் வலிமையைத் தோட்டத் தொழிலாளர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். ‘துண்டு’ என வழங்கிய சீட்டு இதற்குத் தக்க சான்றாகும். தொழிலாளர் மீதுள்ள கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் அச்சீட்டின்றி, ஒரு குழுவினர் வேறு தோட்டத்துக்குச் செல்லுதல் அரிது. கங்காணியின் கையில் அது விலைச்சீட்டாகவே மாறிற்று. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், தன்னைக் கட்டுப்படுத்தும் எழுத்தைத் தானே வாசிக்க இயலாத நிலை ஒழியவில்லை. 1907, 1920 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வழி வகுத்தபோதும், அங்குக் கிடைத்தது தாய்மொழி வழி ஆரம்பக் கல்வியே. ஆங்கிலம் தோட்டக் காரியாலயத்துக்குள் நின்றது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் நின்றனர்.

இவ்வரணை உடைத்தவர்களுள் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இதழ் நடத்தித் தோட்டத்துக் குறைகளை ஆட்சியாளரின் மொழியிலேயே அவர்கள் முன் வைத்தார். 1936 இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குத் தெரிவானார். மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடும் அவரது ஆங்கில நெடுங்கவிதை 1954 இல் வெளிவந்தது. சக்தீ பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். ஆங்கில வாக்கியத்தைத் தம் வசப்படுத்திய மலையகத்தார் அதனைத் தம் மக்களின் குரலாக்கினர் என்பதற்கு இவை சான்றுகளாம்.

இனி, காற்புள்ளியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1490களில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் பதிப்பித்த நூல்களிலேயே இன்றைய வடிவிலான காற்புள்ளி நிலைபெறத் தொடங்கிற்று. முதலில் அது வாசிப்போன் மூச்சு விடும் இடத்தைக் காட்டிற்று. பின்னரே வாக்கிய உறுப்புகளைப் பிரிக்கும் இலக்கணக் குறியாயிற்று. நமது ஏட்டுச் சுவடிகளிலோ இத்தகைய குறிகள் வழக்கில் இருக்கவில்லை. தமிழ் உரைநடையில் அவற்றைப் பரவச் செய்த பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலருக்கு உரியது. வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லும் வாக்கியத்தின் மூட்டுகளைக் காட்டிவிடுவதால், காற்புள்ளி தவறினும் தமிழில் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ சொற்களின் வரிசையும் குறிகளுமே அப்பணியைச் செய்கின்றன.

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இடறும் இடங்கள் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. ‘மழை பெய்தது, வேலை நின்றது’ என்பது தமிழில் குற்றமன்று. ஆங்கிலத்திலோ முற்றுப்பெற்ற இரு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் இணைத்தல் பிழை. இணைப்புச் சொல்லோ அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். எழுவாய் நீண்டதாயின் அதன்பின் காற்புள்ளியிட்டு மூச்சு விடுதல் தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் எழுவாயையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளியால் பிரித்தல் ஆகாது. இடைச்செருகலாக ஒரு தொடர் வரின், அதன் இருபுறமும் காற்புள்ளி இடுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் நுட்பமானது பெயரெச்சம் பற்றியது. ‘பத்தாண்டு வாழ்ந்த தொழிலாளர் உரிமை பெறுவர்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். தொழிலாளருள் பத்தாண்டு வாழ்ந்தோர் மட்டும் உரிமை பெறுவர் என்பது ஒரு பொருள். தொழிலாளர் அனைவரும் பத்தாண்டு வாழ்ந்தவரே, அவர்கள் யாவரும் பெறுவர் என்பது மற்றொரு பொருள். தமிழ்த் தொடர் இரண்டுக்கும் இடந்தரும். ஆங்கிலத்தில் ‘ஹூ’ எனத் தொடங்கும் கிளைவாக்கியத்தைக் காற்புள்ளியின்றி எழுதினால் முதற்பொருளும், இருபுறமும் காற்புள்ளியிட்டு எழுதினால் இரண்டாம் பொருளும் பெறப்படும். சிலருக்கு மட்டும் உரியது அனைவருக்கும் உரியதாவதும், அனைவருக்கும் உரியது சிலருக்குச் சுருங்குவதும் அவ்விரு புள்ளிகளிலேயே தங்கியுள்ளன.

இவ்வுதாரணம் வெறும் கற்பனையன்று என்பதை மலையகத்தார் அறிவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1 ஆந் தேதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இதற்குக் காற்புள்ளி காரணமன்று. சட்டத்தின் கடுமையும், ‘இடையறாது’ என்பதனைச் சான்று காட்டி நிறுவ முடியாத வறுமையுமே காரணங்கள். ஆயினும், தன் தலைவிதியைக் கூறும் வாக்கியத்தின் நிபந்தனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தானே வாசித்தறிய இயலாதவனின் அவலம் இங்கு முழு உருவில் தோன்றுகிறது.

தொழிலாளர் ஊதியம் ஒரு காற்புள்ளியில் தங்கிய நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பால் நிறுவனமொன்றின் சாரதிகள் மேலதிக நேரக் கொடுப்பனவு கோரி வழக்குத் தொடுத்தனர். அக்கொடுப்பனவு கிட்டாத வேலைகளின் பட்டியலின் இறுதியில், ‘அனுப்புதற்காகப் பொதி செய்தல்’ என்பதற்கும் ‘அல்லது விநியோகம்’ என்பதற்கும் இடையே காற்புள்ளி இருக்கவில்லை. அதனால் விநியோகம் தனி வேலையா, பொதி செய்தலின் நோக்கங்களுள் ஒன்றா என்ற ஐயம் எழுந்தது. 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வையத்தைத் தொழிலாளர் சார்பில் தீர்த்தது. மறு ஆண்டு 50 இலட்சம் டாலருக்கு வழக்கு இணக்கங் கண்டது. கனடாவில் தொலைத்தொடர்பு ஒப்பந்தமொன்றை இடையில் முறிக்கலாமா என்ற வினாவுக்கு, 2006 இல் ஒரு காற்புள்ளியைக் கொண்டு ஆணைக்குழு விடை கூறிற்று. மறு ஆண்டு பிரெஞ்சுப் பிரதியை ஒப்புநோக்கித் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் மலையகத்துக்கு இரு பாடங்களைத் தருகின்றன. கொழுந்து பறித்தல், கவ்வாத்து வெட்டுதல், களை பிடுங்குதல் என வேலைகளை நிரல்படுத்தும் எந்த உடன்படிக்கையிலும் குறிகளைக் கூர்ந்து வாசித்தல் வேண்டும் என்பது ஒன்று. ஐயம் தோன்றும்போது ஒப்புநோக்கத் தமிழ்ப் பிரதியும் கையில் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

1970களின் பிற்பகுதி தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை வழங்கிற்று. பாட்டனுக்குக் கிட்டாத பல்கலைக்கழகக் கல்வி பேரப்பிள்ளைகள் சிலருக்கேனும் கிட்டியுள்ளது. அவர்கள் ஆங்கிலக் காற்புள்ளியைத் தேர்வுப் புள்ளிக்காகக் கற்பதோடு அமையாது, தம் மக்களின் உரிமையைப் பிறர் பிழைபடப் பொருள் கொள்ளாதவாறு எழுதும் கருவியாகவும் கற்பாராயின், துண்டுச் சீட்டின் காலம் மலையகத்தில் உண்மையாகவே முடிவுற்றது எனலாம்.