தீமோத்தேயுவின் திராட்சரசமும் அரிக்கமேட்டுச் சாடிகளும்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தில் வயிற்றின் பொருட்டுக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி கூறும் வசனத்தை (5:23), திருமறையில் வேறொன்றும் அறியாதவர்களும் அறிந்திருக்கிறார்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊழியம் செய்யும் போதகர் எவரும் இதை நன்குணர்வர். வீடு சந்திக்கச் சென்ற இடத்தில் குடியைப்பற்றி ஒரு சொல் எடுத்தவுடன் இவ்வசனமே மறுமொழியாக வந்து நிற்கும். இதற்கு நம் பிரசங்க பீடங்களிலிருந்து வழக்கமாகச் சொல்லப்படும் பதில், வேதத்தில் வரும் திராட்சரசம் புளிப்பேறாத பழச்சாறே என்பதாகும். வசனத்தைக் காட்டுவோரும் பதில் கூறுவோரும் ஆகிய இரு சாராரும் வரலாற்றைக் கேட்கவில்லை என்பது நம் எண்ணம். அவ்வரலாற்றின் ஒரு பகுதியோ நம் காலடியிலேயே புதைந்து கிடந்திருக்கிறது.

பூரணாங்குப்பம் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் நெடுஞ்சாலையில் உள்ள தவளக்குப்பத்திற்குக் கிழக்கே, கடலுக்கு அண்மையில் அமைந்த ஊர். அதற்குச் சில கிலோமீட்டர் வடக்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கு 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அகழாய்வு செய்தனர். மேலைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அங்கே மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் சில ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தவை. சில மீன்சாறு கொண்டுவந்தவை. பெரும்பகுதி திராட்சரசம் வந்தவை. அவ்வாறு ரசம் வந்த சாடிகளில் கோஸ் தீவின் பாணியில் செய்யப்பட்டவை முதன்மையானவை என்று சாடிகளை ஆராய்ந்தோர் கண்டனர்.

கோஸ் நமக்குப் புதிய பெயரன்று. பவுல் மிலேத்துவை விட்டுக் கப்பலேறி நேராகச் சேர்ந்த இடமாக அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் அதைக் குறிக்கிறது. மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹிப்போக்கிரட்டீஸ் பிறந்த ஊரும் அதுவே. தீமோத்தேயு இருந்த எபேசுவிலிருந்து அது தொலைவிலில்லை. நிருபத்தைப் பவுலே எழுதினாரா, அவருடைய மாணவர் எழுதினாரா என்ற ஆராய்ச்சி எப்படி முடிந்தாலும், முதல் நூற்றாண்டையும் அதை அடுத்த காலத்தையும் சேர்ந்த ஈஜியன் கடலோர உலகமே அதன் பின்னணி. எனவே தீமோத்தேயுவுக்குச் சொல்லப்பட்ட ரசம் எத்தகையது என்பதை அறிய, அதே காலத்தில் அதே கடலோரத்திலிருந்து நம் கரைக்கு வந்திறங்கிய ரசத்தைப்பற்றி விசாரிப்பது பொருத்தமானதே.

அது புளித்த ரசம். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து வரும் பழச்சாறு புளிக்காமல் இருக்க அக்காலத்தார் எளிய வழி எதையும் பெற்றிருக்கவில்லை. கோஸ் தீவினர் தங்கள் ரசத்தில் கடல்நீர் கலப்பது வழக்கம் என்று பழைய ரோம நூலாசிரியர்கள் எழுதியுள்ளனர். இவ்வகை ரசம் வயிற்றை இளக்கும் என்பது அக்கால வைத்தியர் கருத்து. மேலும், கிரேக்கரும் ரோமரும் ரசத்தைத் தனியாகக் குடிப்பதை நாகரிகமற்றோர் செயலென்று கருதினர். ஒரு பங்கு ரசத்துக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு நீர் கலந்தே பருகினர். இரண்டாம் மக்கபேயர் ஆகமத்தின் முடிவில் இவ்வழக்கம் ஓர் உவமையாகவே வருகிறது. இரண்டாம் நூற்றாண்டில் மரச்சாட்சியான யுஸ்தீன் திருவிருந்தை விவரிக்கும்போதும் நீரும் ரசமும் கலந்த பாத்திரத்தையே குறிப்பிடுகிறார்.

இயற்கையாகப் புளிக்கும் ரசத்தில் சாராயச் சத்து நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தாண்டுவது அரிது. அதில் மும்மடங்கு நீர் கலந்தால் நூற்றுக்கு நான்கு பங்களவில் வந்து நிற்கும். ஏறத்தாழ நம் தென்னங்கள்ளின் வலிமை எனலாம். காய்ச்சி வடித்த சாராயத்திலோ நூற்றுக்கு முப்பதுக்கு மேல். வடித்த சாராயத்தைத் திருமறையின் மக்கள் கண்டதேயில்லை. அப்போஸ்தலருடைய ஆலோசனையை எடுத்து ஒரு குப்பி பிராந்திக்குப் பொருத்துகிறவர், அப்போஸ்தலர் பேசாத ஒன்றைக்குறித்து அவரைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

ஆனால் மறுபுறமும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் தமிழ் வேதாகமத்தில் ‘திராட்சரசம்’ என்ற சொல்லே மயக்கத்துக்கு இடமளிக்கிறது. ரசம் என்றால் சாறு. ஆகவே கேட்போர் பழச்சாற்றை நினைக்கின்றனர். கானாவூரின் கலியாணத்திலும், தீமோத்தேயுவுக்குரிய ஆலோசனையிலும், எபேசியர் 5:18இலும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான் நிற்கிறது. முன் இரண்டிடங்களில் திராட்சரசம் என்று மொழிபெயர்த்தவர்கள் எபேசியரில் மதுபானம் என்றனர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாயினும், மூலத்தில் இல்லாத ஒரு வேலியைத் தமிழில் அது எழுப்பிவிட்டது. அந்த வேலியும் முழுமையாக நிற்பதில்லை. நோவா வெறிகொண்டதும் அதே தமிழ் வேதாகமத்தில் திராட்சரசத்தினாலேயே. ஒரு நல்ல காரியத்தைக் காக்க நாம் தவறான பொருள்விளக்கத்தைச் சார்ந்து நின்றால், கிரேக்கம் சிறிது கற்ற வாலிபன் ஒருவன் எழுந்து கேட்கும் நாளில் அந்தக் காரியமும் சேர்ந்து விழும்.

வசனத்தின் சூழலையும் மறக்கலாகாது. நான்காம் அதிகாரத்தில் விவாகத்தையும் சில உணவுகளையும் விலக்கச் சொன்ன போதகர்கள் கண்டிக்கப்படுகின்றனர். தேவன் படைத்த உணவு ஸ்தோத்திரத்தோடு ஏற்கத்தக்கது என்பது அங்கே கோட்பாடு. மூன்றாம் அதிகாரத்தில் கண்காணியும் உதவிக்காரரும் மதுவுக்கு அடிமைப்படாதவராயிருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இவ்விரண்டுக்கும் நடுவே, நோயாளியான ஓர் இளம் ஊழியன் தண்ணீர் மட்டுமே குடித்து உடலை வருத்திக்கொள்ளலாகாது என்ற வைத்திய ஆலோசனை வருகிறது. அது விருந்துக்கான அனுமதிச்சீட்டன்று. அலெக்சந்திரியா கிளெமெந்து தம் ‘போதகர்’ என்னும் நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதே வசனத்தை எடுத்தாண்டு, வாலிபருக்கு நீரே ஏற்றது என்றும், முதியோர் மிதமாகப் பருகலாம் என்றும் பிரித்துக் கூறுகிறார். உணவிலும் அவர் எளிமையையே வற்புறுத்துகிறார். அவருடைய ஆசான் பந்தேனுஸ் இந்தியாவுக்குச் சென்று வந்தார் என்று யூசேபியு எழுதியிருப்பதால், இக்கிளெமெந்து நமக்குச் சற்று உறவினர் என்று கொள்ளலாம். அந்த இந்தியா எது என்ற வழக்கை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடுவோம்.

சாடிகள் வந்திறங்கிய நாட்டார் இதைப்பற்றி என்ன நினைத்தனர்? யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி உண்ணும் பாண்டியனை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் வாழ்த்துகிறார். அரசவையில் அது பெருமை. பின்வந்த திருக்குறள் வேறு குரலில் பேசுகிறது. அதன் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதே நெடுவாழ்வுக்கு வழி என்று கற்பிக்கிறது. அதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்னே நிற்கும் ‘கள்ளுண்ணாமை’யில் அளவைப்பற்றிய பேச்சே இல்லை, முழு விலக்கே உண்டு. உணவுக்கு அளவு, கள்ளுக்கு மறுப்பு என்ற இந்தப் பாகுபாடு தமிழ் மனத்தில் ஆழ வேரூன்றியது. நம் சுவிசேஷம் விதைக்கப்பட்டது இந்த நிலத்தில்தான்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இதை விரைவில் கண்டுகொண்டார். 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய உடன்ஊழியர் கிருண்ட்லரும் தமிழரிடம் கேள்விகள் அனுப்பிப் பெற்ற மறுமொழிக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. கிறிஸ்தவர் மார்க்கம் நல்லதாயிருக்கலாம், ஆனால் அவர்கள் பசுவைக் கொல்கிறார்கள், குடித்து வெறிக்கிறார்கள், தூய்மை பேணுவதில்லை என்ற குற்றச்சாட்டு அவற்றில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. திரித்துவத்தைப்பற்றிய கேள்விக்கு முன்னரே தட்டும் கோப்பையும் விசாரணைக்கு வந்தன. நமது சீர்திருத்தத் திருச்சபை இந்நாட்டில் பெற்ற முதல் விமரிசனம் இதுவே என்றால் மிகையாகாது.

முழு மதுவிலக்கு என்ற பழக்கம் அந்த ஜெர்மானியரிடமிருந்து நமக்கு வரவில்லை. அவர்கள் நாட்டில் ரசமும் பீரும் உணவோடு சேர்ந்தவை. அது அமெரிக்காவிலிருந்து வந்தது. 1826இல் பாஸ்டனில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கம் முதலில் வடித்த சாராயத்தை மட்டுமே எதிர்த்தது என்பது இன்று பலர் அறியாதது. 1836இல்தான் எல்லா மதுவையும் விலக்கும் உறுதிமொழி அங்கே பொதுவாயிற்று. யாழ்ப்பாணத்திலும் (1816) மதுரையிலும் (1834) பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமாரின் தாயகத் திருச்சபைகள் இந்த அனலில் வளர்ந்தவை. நம் சபைகளில் இன்று நிலவும் கண்டிப்பில் ஒரு பங்கு அவர்களுடையது. மறு பங்கு வள்ளுவருடையது. இரண்டும் எங்கே ஒட்டின என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

திருநெல்வேலிச் சபைகளில் இக்கேள்வி வேறு வடிவெடுத்தது. அங்கே விசுவாசிகளில் பெருந்தொகையினர் பனையேறிகள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து வடிவது பதநீர். தடவாவிட்டால் அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பாளி. பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவதால் குடும்பமும் பிழைத்தது, சபையும் பிழைத்தது. குடிக்காதே என்று சொல்லி நின்றுவிடாமல், பிழைப்புக்கு வழி எது என்று காட்டுவதன் பயனை அங்கே காண்கிறோம்.

இதைப் பொருளாதாரமாக விரித்துக் காட்டியவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த நம் சபை மகன் ஜே. சி. குமரப்பா. 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலராக அவர், கள்ளிறக்குவோருக்குப் பனைவெல்லத் தொழிலை மாற்றாக முன்வைத்தார். தரிசில் நிற்கும் பனை சர்க்கரை தருமானால், கரும்பு பிடித்துள்ள நன்செய் நெல்லுக்குத் திரும்பும் என்பது அவர் கணக்கு. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி உயிர்ச்சத்தை இழக்கிறது என்று கூறிக் கைக்குத்தலரிசியை வற்புறுத்தியவரும் அவரே. உணவும் மதுவும் அவருக்கு ஒரே அறத்தின் இரு பக்கங்கள். இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அவருக்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் பேட்டனும் எளிய சைவ உணவை மேற்கொண்டது இதே காலத்தின் மற்றொரு சாட்சி.

அரசியலில் இராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஆயத்தீர்வை இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948 அக்டோபரில் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. ஆனால் பூரணாங்குப்பமும், பாகூர், வில்லியனூர் வட்டாரங்களும் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. 1954 நவம்பர் 1 வரை அந்நிலை நீடித்தது. எல்லையோ நேர்க்கோடன்று. ஊர்கள் தென்னாற்காடு மாவட்டத்து நிலத்தோடு பின்னிக் கிடந்தன. ஒரு வாய்க்காலின் இக்கரையில் குற்றமாயிருந்தது அக்கரையில் வியாபாரமாயிருந்தது. இணைப்புக்குப் பின்னும் வேற்றுமை முற்றும் நீங்கவில்லை. தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி, மீண்டும் தளர்த்தி, 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனத்தின் கையிலேயே வைத்திருக்கிறது. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலத்தில் விடப்படுகின்றன. கடலூர்ச் சாலையில் முள்ளோடை எல்லையைக் கடக்கும் எவரும் கடைகளின் வரிசையைக் கண்டே எல்லையை அறியலாம்.

சட்டத்தின் தடை மட்டும் போதுமென்று நாமும் எண்ணவில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து மாண்டவர்கள் பெரும்பாலும் கூலி உழைப்பாளிகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். மறுபுறம், அளவோடு குடித்தால் உடலுக்கு நல்லது என்று படித்தவர் சொல்லிவந்த வாதத்துக்கும் இப்போது பிடிப்பில்லை. உடல்நலத்துக்குக் கேடற்ற அளவு என்று எதையும் கூற இயலாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. தீமோத்தேயுவுக்கு ரசம் மருந்தாயிருந்த காலத்தில் வேறு மருந்துகள் அரிது. இன்று வயிற்று நோயுள்ள உடன்ஊழியரை நாம் மருத்துவமனைக்கே அனுப்புகிறோம்.

ஆகவே முழு விலக்கே நம் சபைகளுக்கு ஏற்றதென்று நாமும் கொள்கிறோம். ஆனால் அதன் அடிப்படை கானாவூர்ச் சாடிகளில் இருந்தது வெறும் பழச்சாறு என்பதன்று. சகோதரன் இடறுவதற்கு ஏதுவானதை விட்டுவிடுவது நல்லதென்று ரோமர் 14:21இல் சொல்லப்பட்ட அன்பின் பிரமாணமே. சந்தையில் விற்ற இறைச்சியை உண்ணும் சுயாதீனத்தைப் பவுல் மறுக்கவில்லை. பலவீனனுக்காக அதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருந்தார். சம்பளநாளன்று கடை வாசலைக் கடந்து வீடு சேரவேண்டிய ஒருவருக்கு நம் சுயாதீனம் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இது திருவிருந்து மேசைவரை வருகிறது. கடைசி இராப்போசன வரலாறுகளில் ‘பாத்திரம்’ என்றும் ‘திராட்சச்செடியின் பலன்’ என்றும் வருகிறதேயன்றி, கானாவூரில் வரும் அச்சொல் அங்கே வருவதில்லை. ஆயினும் கொரிந்துவில் மேசையைச் சுற்றியிருந்தோரில் சிலர் வெறித்திருந்தமையால் (1 கொரி. 11:21), அங்கே பருகப்பட்டது எது என்பதில் ஐயமில்லை. 1869இல் அமெரிக்க மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த வெல்ச் என்ற பல் மருத்துவர் சாற்றைச் சூடேற்றிப் புளிப்பைத் தடுக்கும் முறையைத் திருவிருந்துக்கெனவே கையாண்டார். நம் கிராமச் சபைகள் பலவற்றில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சும் வழக்கம் அதற்கு ஒப்பானது. குடியிலிருந்து மீண்டுவரும் ஒருவர் சபையில் இருக்கையில், பாத்திரத்தின் மணமே அவரைப் பழைய இடத்துக்கு இழுக்கக்கூடும். அவர் வெட்கத்தால் பந்திக்கு வராமல் பின்வரிசையில் அமர்ந்துவிடுவதும் உண்டு. அச்சபையின் போதகர் கடையில் வாங்கும் ரசத்தை விட்டுவிடலாம். சனிக்கிழமை இரவு ஊறவைத்து, விடியற்காலையில் காய்ச்சி, ஆறியபின் வடிகட்டினால் போதும். மீதியை எடுத்துவைக்க வேண்டாம். நம் கடற்கரை வெயிலில் ஓரிரு நாளில் அது புளித்துவிடும்.