ஒரு நிமிடக் கை: ஒரு மாணவர் படமும் அதற்காகப் பிறந்த கருவிகளும்

ஒரு நிமிட அளவே ஓடும் படத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் படத்தில் கதை கிடையாது, நடிகர்களும் கிடையாது. இருப்பது ஓர் இடக்கை மட்டுமே. அது சுழல்கிறது, விரல்களை மடக்குகிறது, நீட்டுகிறது. பின்னர் நம் பார்வை அந்தக் கைக்குள்ளேயே நுழைந்து, கூடாக இருக்கும் விரல்களின் உட்புறத்தை எட்டிப் பார்க்கிறது. அத்துடன் முடிந்துவிடுகிறது.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் என்ற முதுநிலை மாணவர், ஃபிரெட் பார்க் என்ற சக மாணவருடன் சேர்ந்து, வகுப்புப் பயிற்சியாகச் செய்த படம் இது. கணினியால் அசைவூட்டப்பட்ட கை என்பதே இன்று அதற்கு வழங்கும் பெயரின் பொருள். திரைப்பட வரலாறு என்றால் இயக்குநர்களையும் நடிகர்களையும் கதைகளையும் பேசுவதே நம் வழக்கம். கருவிகளைப் பற்றிய செய்தி அடிக்குறிப்போடு நின்றுவிடும். இந்தப் படத்தை அப்படி அணுக இயலாது. படம் எடுப்பதற்கு வேண்டிய கருவிகளில் பல அப்போது உலகில் இல்லை. மாணவர்களே அவற்றைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. செய்ய முடியாமல் விட்டவை அடுத்த சில ஆண்டுகளின் ஆய்வுப் பொருளாயின. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முயல்கிறோம்.

முதல் படமா?

தொடங்குமுன் ஒரு திருத்தம். கணினியில் செய்த முதல் அசைவூட்டப் படம் இதுவே என்று ஆங்காங்கே எழுதப்படுவதைக் காண்கிறோம். அது சரியன்று. 1963-இலேயே பெல் ஆய்வகத்தில் எட்வர்ட் சாஜாக், பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றின் அசைவைக் கணினி கொண்டு கோட்டுப் படமாக எடுத்திருந்தார். 1968-இல் சோவியத் ஒன்றியத்தில் நிக்கொலாய் கான்ஸ்டன்டினோவின் குழுவினர் ஒரு பூனையின் நடையைச் சமன்பாடுகளாக்கி, ஒவ்வொரு நிலையையும் தாளில் எழுத்துக்குறிகளாக அச்சிட்டு, அந்தத் தாள்களைப் படம்பிடித்துப் பூனையை நடக்க வைத்தனர்.

ஆகவே அசைவு புதிதன்று. யூட்டாவில் நிகழ்ந்த புதுமை வேறு. கோடாக அல்லாமல் தோல் போர்த்த திண்மையாக, ஒளியும் நிழலும் விழும் பொருளாக, வளைந்து மடங்கும் ஓர் உடலுறுப்பைக் காட்ட முனைந்ததே அது. பெட்டியையும் கோளத்தையும் வரைவது எளிது; அவற்றுக்குச் சூத்திரம் உண்டு. கைக்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

வரையத் தெரியாதவர்

1945-இல் பிறந்த கேட்மல் சால்ட் லேக் நகரத்தில் வளர்ந்தவர். டிஸ்னி நிறுவனத்தில் சித்திரக்காரராக வேண்டும் என்பது அவருடைய சிறுவயதுக் கனவு. தாள் நுனிகளில் படம் வரைந்து, விரலால் புரட்டி அசைய வைக்கும் விளையாட்டில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. ஆனால் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், அந்தத் தொழிலுக்குத் தேவையான ஓவியத் திறமை தமக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். இயற்பியலும் கணினியியலும் கற்று 1969-இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றினார். 1970-இன் ஆட்குறைப்பில் அந்த வேலை போயிற்று. அதன் பிறகே யூட்டாவுக்குத் திரும்பினார்.

அங்கே அவருக்காக ஒரு நல்ல சூழல் காத்திருந்தது. டேவிட் எவன்ஸ் தொடங்கிய கணினித் துறையில், 1963-இல் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலின் மூலம் திரையில் நேரடியாக வரைந்து காட்டிய ஐவன் சதர்லாண்ட் 1968-இல் வந்து சேர்ந்திருந்தார். பின்னாளில் அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் வார்னாக், சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் கிளார்க் ஆகியோர் அந்தத் துறையின் மாணவர்களே.

சாந்தும் முக்கோணங்களும்

கேட்மல் தம் இடக்கையையே மாதிரியாகத் தேர்ந்துகொண்டார். கையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழம்பில் அமிழ்த்தி அச்சு எடுத்தார். முன்னதாக வாசலைன் தடவ மறந்துவிட்டதால், இறுகிய சாந்திலிருந்து கையை உருவியபோது புறங்கை மயிரெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்ததாகப் பின்னாளில் தாம் எழுதிய நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அச்சில் மீண்டும் சாந்தை வார்த்துக் கையின் படிவம் ஒன்றைச் செய்தார். அதன் மேல் கறுப்புக் கோடுகளால் ஏறத்தாழ 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்தார். சாந்துக் கைக்கு வலை உடுத்தியது போல் ஆயிற்று.

அடுத்தது அளவெடுத்தல். வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் நீளம், அகலம், ஆழம் என மூன்று எண்கள் வேண்டும். இன்று ஒளிக்கதிரால் வருடி நொடிகளில் பெறும் எண்கள் இவை. அன்று ஒவ்வொரு முனையாகக் கையால் அளந்து, கணினியில் உள்ளிட்டாக வேண்டும். அவ்வாறு உள்ளிட்ட பின்பு, கணினியைப் பொறுத்தவரை கை என்பது எண்களின் ஒரு பட்டியல். எந்த எண் எதனோடு சேர்ந்து ஒரு முகமாகிறது என்ற குறிப்பும் உடனிருக்கும். தமக்கு வரைய வராது என்று ஒதுங்கியவர், ஒரு கையை அதன் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

அதே காலத்தில் பார்க் மனித முகத்தை எடுத்துக்கொண்டார். முகத்தைச் சாந்தில் அமிழ்த்த இயலாதல்லவா? தம் மனைவியின் முகத்திலேயே பலகோணங்களை வரைந்தார். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒளிப்படங்கள் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிட்டார். சிரிக்கும் முகத்துக்கும் சிரிக்காத முகத்துக்கும் தனித்தனியே எண்களைப் பெற்றுவிட்டால், இடைப்பட்ட நிலைகளைக் கணினியே நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் கண்ட வழி.

மூன்று தடைகள்

எண்கள் கிடைத்துவிட்டால் படம் கிடைத்துவிடும் என்று எண்ணலாம். உண்மையில் தொல்லைகள் அங்கேதான் தொடங்கின.

முதல் தொல்லை மறைவு. நாம் ஒரு கையைப் பார்க்கும்போது முன்னால் உள்ள விரல் பின்னால் உள்ள விரலை மறைக்கிறது. கண்ணுக்கு இது இயல்பு. கணினிக்கோ எல்லா முக்கோணங்களும் சமம். எது முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும். அக்காலத்து வரைகலை ஆய்வாளர்களை அதிகம் வருத்திய சிக்கல் இதுவே.

இரண்டாவது ஒளி. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரே சாயையைப் பூசினால், கை செதுக்கி முடிக்காத கல் போலத் தெரியும். இதற்கு வழி கண்டவர் அதே துறையில் பயின்ற பிரெஞ்சு மாணவர் ஆன்ரி கூரோ. முக்கோணத்தின் மூலைகளில் மட்டும் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட பரப்பில் அதைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவது அவர் 1971-இல் தந்த முறை. கணக்கு குறைவு, பலனோ பெரிது. மூலைகள் கரைந்து தோல் வழுவழுப்பாயிற்று.

மூன்றாவது தடை திரை. இன்றைய கணினியில் ஒரு முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு திரைக்கு அனுப்புகிறோம். அன்று அத்தனை நினைவகம் மாணவர் கைக்கு எட்டும் பொருளன்று. படம் கதிர்க்குழாய்த் திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழும். ஒரு பகுதி தோன்றும்போது முந்தைய பகுதி மறைந்திருக்கும். ஆகவே முழுப் படத்தையும் ஒருசேரப் பார்க்க, திரைக்கு முன்னே போலராய்டு கேமராவை நிறுத்தி அதன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தார்கள். சிதறி வந்த ஒளியையெல்லாம் படத்தாள் சேர்த்து வைத்துக்கொண்டது. திருப்தி ஏற்பட்ட பிறகு, 35 மி.மீ. திரைப்படக் கேமராவில் ஒவ்வொரு கட்டமாகப் பதிந்தார்கள். கணினிக்கு இல்லாத நினைவை வேதிப்பொருள் பூசிய படச்சுருள் ஈடுசெய்தது. பழைய தொழில்நுட்பத்தின் தோள்மீது ஏறித்தான் புதியது நின்றது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இவற்றோடு, விரல் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை எவ்வளவு மடங்க வேண்டும் என்று கணினிக்கு எடுத்துரைக்க ஒரு மொழியும் தேவைப்பட்டது. கேட்மல் அதையும் உருவாக்கினார். 1972-இல் கணினியாளர் மாநாட்டில் அளித்த ஆய்வுரையில் அதன் அமைப்பை வெளிப்படையாக விளக்கினார். முகப் படத்தைப் பற்றிய பார்க்கின் உரையும் அதே மாநாட்டில் இடம்பெற்றது.

படம் செய்யாமல் விட்டவை

இப்போது அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் விரல்களின் ஓரத்தை உற்றுநோக்க வேண்டுகிறோம். பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது. ஓரமோ சிறுசிறு நேர்கோடுகளால் ஆனதாகத் தெரிகிறது. முக்கோணங்களை நிழலில் ஒளித்துவிடலாம். விளிம்பில் ஒளிக்க முடியாது. தோலில் ரேகை இல்லை, மரு இல்லை, நிறமாற்றம் இல்லை. சாந்துக் கை சாந்தாகவே இருக்கிறது.

இந்தக் குறைகளை அடுக்கிப் பார்த்தால், கேட்மல் 1974-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு வந்து சேர்கிறோம். தட்டையான முக்கோணங்களுக்கு மாற்றாக வளைபரப்புகளையே எடுத்துக்கொண்டு, அவற்றை ஒரு படப்புள்ளியின் அளவு வரும்வரை பகுத்துக்கொண்டே போகும் முறை அதில் இருந்தது. ஒரு படத்தை வளைபரப்பின் மேல் தோல் போல ஒட்டும் வழியும் இருந்தது. முதன்முதலில் அவர் அப்படி ஒட்டிப் பார்த்தது மிக்கி எலியின் படத்தை! இளமைக் கனவு எங்கோ ஒளிந்திருந்து தலைகாட்டியிருக்கிறது.

மறைவுச் சிக்கலுக்கும் அதே ஏட்டில் ஒரு விடை இருந்தது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அதன் நிறத்தோடு ஆழத்தையும் குறித்து வைத்துக்கொள். புதிதாக வருவது அதைவிட அருகில் இருந்தால் பழையதை அழித்து எழுது. தொலைவில் இருந்தால் விட்டுவிடு. இவ்வளவுதான். அதே 1974-இல் பெர்லினில் வோல்ஃப்காங் ஷ்ட்ராசரும் தனியாக இதே எண்ணத்தை அடைந்தார். 512-க்கு 512 என்ற அளவுள்ள சிறிய படத்துக்கே 2,62,144 ஆழ எண்களைச் சேமிக்க வேண்டும் என்பதால், அன்றைய நினைவக விலையில் இது ஊதாரித்தனமாகத் தோன்றியது. நினைவகம் மலிவானபோது இந்த எளிய வழியே நிலைத்தது. இன்று நம் கைப்பேசியில் ஒரு முப்பரிமாண விளையாட்டு ஓடும்போதெல்லாம் நடப்பது இந்த ஆழக் கணக்குத்தான்.

யாருடைய பணம், யாருடைய அறிவு

இந்த ஆய்வுகளுக்கான பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுத் திட்ட முகமையிலிருந்து வந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பணத்தில் இயங்கிய அதே துறையில், ஹனோயில் பிறந்த புய் துவாங் ஃபாங் என்ற மாணவரும் பயின்றார். பளபளக்கும் பரப்பில் ஒளித்துளி எவ்வாறு விழும் என்று அவர் 1973-இல் வகுத்த கணக்கு, உலகெங்கும் இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. 1975-இல், முப்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் அவர் மறைந்தார். இந்த வரலாற்றை வெறும் வெற்றிக் கதையாக எழுத எங்களுக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் எங்கிருந்து வந்தாலும், கிடைத்த அறிவைப் பூட்டி வைக்கவில்லை. கூரோவின் நிழல் முறை அடுத்த ஆண்டே கேட்மலின் கைக்கு உதவியது. கேட்மலின் ஆழக் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்தாள முடிந்தது. மார்ட்டின் நியூவெல் 1975-இல் அளந்து வைத்த தேநீர்க் கெண்டியின் எண்களும் அவ்வாறே ஆய்வகம் விட்டு ஆய்வகம் பயணித்தன. ஆய்வேடும் மாநாட்டு உரையும் எல்லோருக்கும் பொது என்ற பழைய கல்வி மரபு இங்கே பெரும்பணி செய்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் இரகசிய அறைக்குள் இந்தக் கை பிறந்திருந்தால், அதன் பிள்ளைகள் இத்தனை விரைவாகப் பெருகியிருக்கமாட்டா.

கையின் பிற்கால வாழ்வு

மாணவராக இருந்தபோதே கேட்மல் டிஸ்னி நிறுவனத்துக்குச் சென்று கணினி அசைவூட்டத்தைப் பற்றிப் பேசினார். அவர்களுக்கு அதில் நாட்டம் ஏற்படவில்லை. கேளிக்கைப் பூங்காவின் சவாரி ஒன்றை வடிவமைக்க வருமாறு அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். 1976-இல் வெளிவந்த ‘ஃபியூச்சர்வேர்ல்ட்’ என்ற படத்தில் அந்தக் கை சிறிது நேரம் தலைகாட்டியது. முழுநீளத் திரைப்படம் ஒன்றில் முப்பரிமாணக் கணினி உருவம் தோன்றியது அதுவே முதன்முறை எனப்படுகிறது. அதன் பிறகு துறைசார்ந்தோர் தவிர மற்றவர் அதை மறந்தே போயினர்.

கேட்மல் 1974-இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்துக்கும், 1979-இல் லூகாஸ்ஃபிலிமுக்கும் சென்றார். 1986-இல் பிக்சார் தனி நிறுவனமாயிற்று. 1995-இல் முழுவதும் கணினியிலேயே செய்த முதல் முழுநீளப் படமான ‘டாய் ஸ்டோரி’ வெளிவந்தது. 2006-இல் பிக்சாரை டிஸ்னி வாங்கியபோது, டிஸ்னியின் அசைவூட்டப் பிரிவுக்கும் கேட்மலே தலைவரானார். கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது பேட் ஹான்ராஹனுக்கும் அவருக்கும் 2020-இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் எங்களுக்கு அவற்றையெல்லாம்விட நிறைவளிக்கும் செய்தி வேறொன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆண்டுதோறும் 25 படங்கள் பாதுகாப்புக்கென்று சேர்க்கப்படுகின்றன. 2011-ஆம் ஆண்டுப் பட்டியலில் சாப்ளினின் ‘தி கிட்’ இருக்கிறது. டிஸ்னியின் சித்திரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1942-இல் வெளியிட்ட மான்குட்டிப் படமான ‘பாம்பி’ இருக்கிறது. அவற்றோடு, வரைய வராதவர் ஒருவர் வகுப்புப் பயிற்சிக்காகச் செய்த அந்த ஒரு நிமிடக் கையும் இருக்கிறது.