பிளவு முந்தியதா, குழம்பு முந்தியதா?

தென்னிந்தியா என்றாலே அசையாத பழம்பாறை என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பூகம்பமும் எரிமலையும் இமயத்துக்கும் ஜப்பானுக்கும் உரியவை, நமக்கு வாய்த்தது கெட்டித்தரை என்ற நினைப்பு. 1971இல் ஜே. சி. கிரேடி இந்திய நிலவியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய ஒரு கட்டுரை அந்த நினைப்பைக் கலைத்தது. தென்னிந்தியாவின் மேலோட்டை ஆழமான பெரும் பிளவுகள் வெட்டிச் செல்கின்றன என்றார் அவர். 1980இல் டிரூரியும் ஹோல்ட்டும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தப் பிளவுச் சட்டகத்தை வரைந்து காட்டினார்கள். மோயாறு, பவானி, பாலக்காடு–காவிரி என்று அந்தப் பட்டைகளுக்கு இன்று பெயர்களும் உண்டு. பிளவுகள் இருப்பதில் இப்போது சண்டை இல்லை. அவற்றுக்கும், அடியிலிருந்து ஏறிவந்த பாறைக்குழம்புக்கும் என்ன உறவு என்பதில்தான் வழக்கு. பிளவு முந்தியது, குழம்பு அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது என்பது என் கட்சி. அதற்கான சாட்சி தருமபுரிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே கிடக்கிறது.

சேலம் மாவட்டத்துப் பக்கநாட்டிலிருந்து சாமல்பட்டி, செவ்வாத்தூர், கொரட்டி வழியாக ஏலகிரி வரை வடகிழக்காக ஒரு பிளவுப் பட்டை ஓடுகிறது. அதன் நெடுகிலும் குழம்பு உறைந்து உண்டான சைனைட், கார்பனடைட் என்ற இருவகைப் பாறைகள் அங்கங்கே தலைகாட்டுகின்றன. வளைவு வளைவாக ஏலகிரிக்குப் பேருந்தில் போகிறவர் ஏறுவதே ஒரு சைனைட் மலைமேல்தான். கார்பனடைட் இன்னும் விசித்திரமானது. பார்த்தால் சலவைக்கல், ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைக்கும். சுண்ணாம்புப் பாறை கடலடியில் படிவது, அது எப்படிக் குழம்பாக உருகி வரும் என்று நிலவியலாளர்களே நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1960இல் தான்சானியாவின் ஓல்டோய்னியோ லெங்காய் எரிமலை கார்பனேட் குழம்பையே கக்கியதைக் கண்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் ஓய்ந்தது. செவ்வாத்தூர்ப் பாறையும் சாதாரணச் சலவைக்கல் அல்ல என்பதை அதிலுள்ள ஸ்ட்ரான்ஷியமும், நையோபியம் தாங்கிய பைரோகுளோர் கனிமமும் காட்டிக்கொடுக்கின்றன. பக்கத்திலேயே வெர்மிகுலைட் வெட்டுகிறார்கள். அபிரகம்போன்ற அதன் செதிலைச் சூடாக்கினால் அடுக்கடுக்காக விரிந்து பல மடங்கு உப்பும், எடை மட்டும் கூடாது. இந்தக் கார்பனேட் குழம்பு மேலோட்டுக்கும் கீழே, கவசத்தில் பிறப்பது. அளவில் கொஞ்சம், நீரைப்போல் இளகலானது. வழியில் தங்கினால் இறுகிவிடும். ஆழம்வரை இறங்கிய ஒரு வழி இல்லாமல் அது இவ்வளவு தூரம் ஏறியிருக்க முடியாது.

குழம்பே தன் வழியைத் துளைத்துக்கொள்ளாதா, அதன் சூட்டில் இளகிய இடத்தில் பிற்பாடு பிளவு விழுந்திருக்கலாமே என்பது எதிர்க்கட்சி. இதைத் தள்ளிவிட முடியாது. சூடான மேலோடு இளகும் என்பது சோதனைச்சாலையிலேயே தெரிந்த உண்மை. ஆனால் வயதுகள் இந்தக் கட்சிக்கு ஒத்துவரவில்லை. செவ்வாத்தூர்க் கார்பனடைட்டுக்கும் ஏலகிரி சைனைட்டுக்கும் வயது சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுகள், அதாவது ரோடினியா என்ற பெருங்கண்டம் உடைந்துகொண்டிருந்த காலம். ஒகேனக்கல்லில் சார்னோகைட் என்ற பழம்பாறையைக் கிழித்துச் சுவர்போல் ஏறிய பைராக்சினைட் பாறைகளுக்குள் இருக்கும் கார்பனடைட்டுக்கோ சுமார் 240 கோடி. சுற்றுலா விளம்பரங்கள் இதை ஒரு வரிப் பெருமையாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. உண்மையில் வழக்கைத் தீர்க்கும் எண் இதுதான். முதல் குழம்பின் சூடு ஆறி 160 கோடி ஆண்டுகள் போன பிறகும் அதே வட்டாரத்தில், அதே அபூர்வக் குழம்பு மறுபடி ஏறியிருக்கிறது என்றால், இடைக்காலத்தில் அங்கே மிஞ்சியிருந்தது சூடு அல்ல, பிளவு. ஒகேனக்கல்லுக்கும் செவ்வாத்தூருக்கும் ஏறத்தாழ 90 கி.மீ. இடைவெளி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒகேனக்கல் சுவர்கள் ஓடும் திசையும் வட-வடகிழக்கு, பட்டையின் திசையை ஒட்டியதே. தற்செயலுக்கு இது கொஞ்சம் அதிகம். இப்பகுதிப் பிளவுகள் சிலவற்றின் அசைவுக்கு 55 கோடி ஆண்டு என்றே வயது வருகிறது, குழம்புக்கும் பிந்தியதுதானே என்று இன்னொரு ஆட்சேபம் உண்டு. அந்த வயது கடைசி அசைவின் வயது. முந்தைய அசைவுகளின் தடத்தை அது அழித்து எழுதிவிடுகிறது.

அதற்காகப் பிளவுகள்தான் மேலோட்டையே கட்டின என்று சொல்வது மிகை. தருமபுரியின் தரை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சார்னோகைட், நைஸ் என்ற பாறைகளாக அமைந்துவிட்டது. கார்பனடைட்டின் பங்கு அதில் மிகச் சொற்பம். கட்டி முடிந்த மேலோட்டில் புதுச்சரக்கு எங்கே இறங்கும் என்பதைத்தான் பிளவுகள் தீர்மானித்தன. தெற்கே காங்கயத்தை அடுத்த சிவன்மலையிலும் இதே போக்கு தெரிகிறது. 1901இல் தாமஸ் ஹாலண்ட் விவரித்த அந்த சைனைட்டுகள் சுமார் 59 கோடி ஆண்டுப் பழமையானவை. குருந்தக்கல் அவற்றோடு சேர்ந்து கிடைக்கிறது. இந்த வழக்கின் சாட்சிகளைக் காப்பதும் முக்கியம். சென்னைப் பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துக் காக்கிறார்கள். ஒகேனக்கல், செவ்வாத்தூர்ப் பாறைமுகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கல் உடைக்கும் வேலை அவற்றைத் தொடும் முன்பே சேர்த்துவிட வேண்டும்.