எம்மி விருதின் தொடக்கக் காலம்: பெயரும் தகுதி எல்லையும்

முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் விருதுகளுள் எம்மி முதன்மையானது. இன்று நாடு தழுவிய விருதாக அறியப்படினும், தோற்றத்தில் அது ஒரு நகரத்தின் விருதாகவே இருந்தது. அவ்வெல்லை விரிந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் சிலையும்

1946-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொலைக்காட்சிக் கலை, அறிவியல் கழகம் தோன்றியது. விருதுக்குப் பொறியாளர் ஹாரி லப்கே ‘இம்மி’ என்னும் பெயரை முன்மொழிந்தார். அது ‘இமேஜ் ஆர்த்திகான்’ என்னும் படப்பிடிப்புக் கருவிக் குழாய்க்கு வழங்கிய பேச்சுவழக்குப் பெயர். சிலை பெண்ணுருவாக அமைந்தமையால் அப்பெயர் ‘எம்மி’ எனத் திரிந்தது. லூயி மெக்மேனஸ் தம் மனைவியை மாதிரியாகக் கொண்டு அமைத்த அச்சிலையின் சிறகுகள் கலையையும், கையில் ஏந்திய அணு அறிவியலையும் குறிக்கின்றன.

முதல் விழா

1949 சனவரி 25 அன்று ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் முதல் விழா நடைபெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒளிபரப்பானவையே தகுதி பெற்றன. வழங்கப்பட்டவை 6 விருதுகள். சிறந்த தொலைக்காட்சிக் கலைஞராகத் தேர்வுபெற்ற ஷெர்லி டின்ஸ்டேல், பொம்மையைப் பேசவைக்கும் குரல் கலைஞர். சைகை விளையாட்டு நிகழ்ச்சியான ‘பேன்டமைம் குவிஸ்’, மொப்பசானின் சிறுகதையைத் தழுவிய ‘தி நெக்லஸ்’, கே.டி.எல்.ஏ. நிலையம், பொறியாளர் சார்லஸ் மெசாக், சிலையை வடிவமைத்த மெக்மேனஸ் ஆகியோரும் பிறவும் விருது பெற்றன. கலைஞரும் பொறியாளரும் ஒரே மேடையில் சிறப்பிக்கப்பட்டமை, சிலை உணர்த்தும் கருத்துக்கு இயைந்ததாகும்.

எல்லையின் விரிவு

1948-இல் நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சியால் பெரும்புகழ் பெற்ற மில்டன் பெர்ல் இப்பட்டியலில் இல்லை. கிழக்குக் கரையின் நேரலை அன்று மேற்குக் கரையை எட்டவில்லை. திரையில் ஓடும் நிகழ்ச்சியைப் படச்சுருளில் பதிந்து அனுப்பும் ‘கினஸ்கோப்’ முறையே இரு கரைகளையும் இணைத்தது. 1950-இல் நடைபெற்ற இரண்டாம் விழாவில் கினஸ்கோப் நிகழ்ச்சிகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. அப்பிரிவில் பெர்ல் விருது பெற்றார். 1951-இல் இரு கரைகளுக்குமிடையே நேரடி ஒளிபரப்புத் தொடர்பு அமைந்தது. 1955-இல் விழாவே நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் படைப்புகளுக்கென அமைந்த பன்னாட்டு எம்மியில், 2020-இல் ‘டெல்லி கிரைம்’ சிறந்த நாடகத் தொடராகத் தேர்வுபெற்றது. இணையவழித் தளமே அதனை உலகெங்கும் கொண்டுசென்றது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

ஒளிபரப்பு எட்டிய தொலைவே விருதின் எல்லையையும் வரையறுத்தது என்பது இவற்றால் பெறப்படுகிறது. டின்ஸ்டேலின் வெற்றி ஒரு நகரத்தின் தேர்வு. அதனை அமெரிக்கா முழுமைக்குமான மதிப்பீடாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெர்லின் பெயர் இடம்பெறாமையும் தகுதிக் குறைவாகாது. எனவே விருதுப் பட்டியலைச் சான்றாகக் கொள்வோர், வென்றோர் யாவர் என்பதோடு போட்டியிட இடம்பெற்றோர் யாவர் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.