ஒதுக்கீட்டிலிருந்து ஒத்திவைப்புக்கு: சீனப் பட்டதாரிகளின் வேலையின்மை, ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2023 ஜூன் மாதத்தில் சீன நகரங்களில் 16 முதல் 24 வயது வரையுள்ளோரின் வேலையின்மை 21.3 விழுக்காட்டை எட்டியது. அந்த ஆண்டு பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் 1 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். ஆகஸ்டில், புள்ளிவிவரத்தைச் சீராக்க வேண்டும் என்று சொல்லி, இந்த விகிதத்தை வெளியிடுவதையே தேசியப் புள்ளியியல் துறை நிறுத்திவைத்தது. பெருந்தொற்றின் பின்விளைவாகவே இந்நெருக்கடி பெரும்பாலும் பேசப்படுகிறது. அதன் வேர் அதற்கும் இருபது ஆண்டுகள் முன்னே செல்கிறது. 1998 முதல், வேலைச் சந்தையில் நெருக்கடி முற்றும்போதெல்லாம் கல்லூரி இடங்களைக் கூட்டி, இளைஞர்கள் வேலை தேடி வரும் நாளைச் சீன அரசு தள்ளிப்போட்டது. இன்றைய வேலையின்மை, அப்படித் தள்ளிப்போட்டவை சேர்ந்து நிற்கும் நிலுவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டமும் வேலையும் ஒன்றாக இருந்த காலம்

1950களின் தொடக்கத்திலிருந்து சீனாவில் பட்டதாரிகள் வேலை தேடவில்லை. அரசே வேலை ஒதுக்கியது. எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் அல்லது ஆலையில் சேர வேண்டும் என்பதை அரசின் திட்டமே தீர்மானித்தது. விருப்பத்துக்கு அதில் இடம் குறைவு. ஆனால் பாதுகாப்புக்குக் குறைவில்லை. 1958இல் சட்டமாக்கப்பட்ட ஹூகோ என்னும் குடும்பப் பதிவு முறை கிராமத்தாரை மண்ணோடு கட்டிப்போட்டிருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கு நகரப் பதிவும், அரசு ஊழியர் தகுதியும், அவற்றோடு வந்த ரேஷனும் வீடும் கைவந்தன. ஒருவரின் பட்டம் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றியது.

கலாச்சாரப் புரட்சியால் நின்றுபோயிருந்த நுழைவுத் தேர்வு 1977 டிசம்பரில் மீண்டும் நடந்தபோது ஏறத்தாழ 57 லட்சம் பேர் எழுதினர். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. இத்தனை அரிதாக இருந்ததால்தான் எல்லாருக்கும் வேலை ஒதுக்க அரசால் முடிந்தது. 1980களின் இறுதியில் மாணவரும் நிறுவனமும் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளும் முறை புகுந்தது. 1997க்குள் எல்லாக் கல்லூரிகளிலும் கட்டணம் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒதுக்கீட்டு முறை ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. ஆயினும் பட்டதாரி பணியில் சேரக் கொண்டுசெல்லும் அறிமுகச் சான்று 2023 வரை வழங்கப்பட்டு வந்தது. உத்தரவாதம் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் காகிதம் மட்டும் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

1999: விரிவாக்கத்தின் பொருளாதாரம்

ஒதுக்கீட்டிலிருந்து விலகும் இந்த மாற்றம் முழுமை பெறும் முன்பே மாணவர் எண்ணிக்கை பெருகத் தொடங்கியது. ஆசிய நிதி நெருக்கடியால் ஏற்றுமதி தளர்ந்தது. அரசு ஆலைகளிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அந்நிலையில், 1998 நவம்பரில், பொருளியலாளர் தாங் மின் தம் மனைவியுடன் சேர்ந்து அரசுத் தலைமைக்கு ஒரு பரிந்துரை அனுப்பினார்: கல்லூரிச் சேர்க்கையை இரட்டிப்பாக்கலாம், பிள்ளைகளின் படிப்புக்கெனக் குடும்பங்கள் சேர்த்துவைத்த பணம் சந்தைக்கு வரும், இளைஞர்கள் வேலைக்கு வருவதும் சில ஆண்டுகள் தள்ளிப்போகும். 1998இல் சுமார் 10.8 லட்சமாக இருந்த சேர்க்கை 1999இல் ஏறத்தாழ 16 லட்சமானது. விரிவாக்கம் தேவையற்றது என்று சொல்வதற்கில்லை. 1998இல் உரிய வயதினரில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே உயர்கல்வி வாய்த்திருந்தது. ஆனால் அதன் வேகத்தை நிர்ணயித்தது எந்தத் தொழிலுக்கு எத்தனை பட்டதாரிகள் தேவை என்ற கணக்கு அல்ல. அப்போதைய பொருளாதார மந்தம்.

எறும்பினம்

விரிவாக்கத்தின் முதல் அணி 2003இல் வெளியே வந்தது. பட்டதாரிகள் 21 லட்சத்தைத் தாண்டினர். அதே ஆண்டு, பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் சீன இலக்கியம் படித்த லூ பூஷுவான் ஷான்ஷி மாநிலத்தில் பன்றி இறைச்சிக் கடை நடத்துகிறார் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவர் 1989இல் பட்டம் பெற்றவர். விரிவாக்கத்தால் பாதிக்கப்பட்டவர் அல்லர். ஆனாலும் கண்ணாடி அணிந்து கசாப்புக் கத்தி பிடித்த அந்தப் படம், பட்டம் இனி எதற்கும் உத்தரவாதமில்லை என்ற அச்சத்தின் முகமாயிற்று.

2009இல் பட்டதாரிகள் 61 லட்சம். அவ்வாண்டு ஆய்வாளர் லியன் சி வெளியிட்ட நூல், பெருநகர விளிம்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த குறைந்த வருமானப் பட்டதாரிகளுக்கு ‘எறும்பினம்’ என்று பெயரிட்டது. பெய்ஜிங்கின் வடமேற்கில் உள்ள தாங்ஜியாலிங் கிராமம் அதன் அடையாளமானது. ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளின் மேல் மாடிமேல் மாடியாக எழுப்பி, சிறு அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டனர். ஊர்க்காரர் சில ஆயிரம், குடியிருக்க வந்தவர்களோ பல்லாயிரம். காலையில் மென்பொருள் நிறுவனங்களை நோக்கிச் செல்லும் பேருந்துகளில் ஏறவே போராட வேண்டும். 2010இல் அரசு அந்தக் குடியிருப்பை இடித்தது. வாடகைதாரர்கள் அடுத்தடுத்த கிராமங்களுக்குப் பெயர்ந்தனர்.

பழைய மருந்தும் மூடிய கதவுகளும்

அடுத்த பத்தாண்டில் இணைய நிறுவனங்கள், தனிப்பயிற்சி, வீட்டுமனைத் தொழில், நிதித்துறை ஆகியவை பட்டதாரிகளைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டன. 2020க்குப் பின் இவற்றின் கதவுகளே அடைபடத் தொடங்கின. 2020 நவம்பரில் இணைய நிதி நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி வணிகம் தடை செய்யப்பட்டது. நியூ ஓரியண்டல் என்ற ஒரே நிறுவனம் 60,000 பேரை வேலையிலிருந்து நீக்கியதாக அதன் நிறுவனரே தெரிவித்தார். அவ்வாண்டே வீட்டுமனை நிறுவனமான எவர்கிராண்டே கடன் பொறியில் சிக்க, வீட்டுமனைத் தொழில் சரிந்தது.

அரசு பழைய மருந்தையே நாடியது. 2020 பிப்ரவரியில் முதுகலைக்கு 1.89 லட்சம் இடங்கள் கூடுதலாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில், இன்னும் பெரிய கூட்டத்தின் நடுவே அதே சந்தைக்குத் திரும்பினர். மறுபுறம், முக்கிய உற்பத்தித் துறைகள் பத்தில் 2025க்குள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் பற்றாக்குறை நேரும் என்று 2016ஆம் ஆண்டின் அரசு ஆவணமே மதிப்பிட்டிருந்தது. ஆலைக்கு ஆளில்லை, பட்டதாரிக்கு வேலையில்லை என்ற இந்த முரணுக்கு இளைஞரின் மனப்பாங்கைக் குறைசொன்னவர்கள் உண்டு. எழுத்தாளர் லூ ஷுன் 1919இல் வெளியிட்ட கதையில் வரும் கோங் யீஜி, வறுமையிலும் படித்தவருக்குரிய நீள அங்கியைக் கழற்றாதவர். 2023இல் இளைஞர்கள் தங்களை அவரோடு ஒப்பிட்டு எழுதினர். அங்கியைக் கழற்றச் சொல்லி அரசுத் தொலைக்காட்சி அறிவுரை வழங்கியது. சேமிப்பைச் செலவழித்து அந்த அங்கியை வாங்கச் சொன்னது அதே அரசுதான் என்பதை அந்த அறிவுரை கணக்கில் கொள்ளவில்லை.

எண்களின் அரசியல்

2009லேயே கல்லூரிகள் தங்கள் வேலைவாய்ப்பு விகிதத்தை உயர்த்திக் காட்ட, மாணவர்களிடம் பொய்யான ஒப்பந்தங்களைக் கேட்ட செய்திகள் வெளிவந்தன. 2023இல் பெய்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாங் டான்டான், வேலை தேடுவதையே விட்டுப் பெற்றோரைச் சார்ந்திருப்போரையும் சேர்த்தால் அவ்வாண்டு மார்ச் மாத விகிதம் 46.5 விழுக்காடு வரை செல்லக்கூடும் என்று கணித்தார். அரசு சொன்னது 19.6. படித்துக்கொண்டிருப்போரை நீக்கிய புதிய கணக்கு 2024 ஜனவரியில் வெளியானபோது, முந்தைய டிசம்பருக்கான விகிதம் 14.9 ஆகக் குறைந்திருந்தது. 2025 ஆகஸ்டில் அந்தப் புதிய கணக்கும் 18.9ஐத் தொட்டது.

முடிவுரை

ஒதுக்கீட்டு முறை வேலையைத் தந்து விருப்பத்தைப் பறித்தது. பின்வந்த முறை விருப்பத்தைத் தந்தது, வேலைக்குப் பொறுப்பேற்கவில்லை, பட்டம் பெற்றால் வாழ்க்கை மாறும் என்ற பழைய நம்பிக்கையை மட்டும் விட்டுவைத்தது. 2025இல் பட்டதாரிகள் 1 கோடியே 22 லட்சம். அவ்வாண்டு நவம்பரில் நடந்த மத்திய அரசுப் பணித் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 37 லட்சத்துக்கும் மேல், பணியிடங்கள் 38,100. பொது வயது வரம்பை 35இலிருந்து 38ஆக உயர்த்தியதே அரசு செய்த முக்கியச் சலுகை. அதனால் காத்திருக்க மேலும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன, வேலைகள் கூடவில்லை.